யாழ்மொழியின் கை அளவு

திருப்பாதிரிப்புலியூர்
12.8.2007

அன்புள்ள பவானிக்கு,

மங்கலம் எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சௌக்கியம். ரயில்வே வேலையில் அவருக்கு முழங்கால்தான் தேய்ந்தது, வாய் அப்படியே இருக்கிறது. உன் முதுகுவலி எப்படி? நின்றுகொண்டே பாடம் நடத்தாதே. நாற்காலி போட்டிருப்பது உட்காரத்தான்.

நீ சொன்னபடி உன் பள்ளிக்கூட விலாசத்துக்கே எழுதியிருக்கிறேன். உன் வீட்டுக்காரர் தில்லைநாதன் கண்ணில் படாது. போனில் பேசலாம் என்றால் என் காது உனக்குத் தெரியும். போனை வைத்தால் வண்டு குடைகிற சத்தம்தான் கேட்கிறது. பிள்ளைகள் எவ்வளவு கூச்சல் போட்டாலும் கோபப்படாத ஒரே ஆள் தையல் டீச்சர்தான் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு நல்ல பேர்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை இசைவாணி மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருஷம் ஆகப் போகிறது. அவள் பெற்ற ஒரே பெண்ணை உன் அண்ணன் கனடாவுக்குக் கூட்டிப் போய் இரண்டு வருஷம். உன் அண்ணன் எங்களுக்கு எழுதுவதில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் உங்கள் காட்டுமன்னார்கோயில் பெரியவர்கள், எங்கள் தெருவில் பெண் எடுத்ததால் வந்த வினை என்று பேசினார்கள். உன் மாமாவும் பதிலுக்குப் பேசினார். அதற்குப் பிறகு யாழ்மொழி எப்படி இருக்கிறாள் என்று எனக்குச் சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை.

ஜூன் மாதம் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் பார்த்தபோது, அங்கே மைனஸ் முப்பது குளிர் என்றாய். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பிள்ளையின் கைதான் ஞாபகம். அவளுக்கு உல்லன் கையுறை பின்னலாம் என்று இருக்கிறேன். ஆனால் அளவு வேண்டும். அவள் வலது கையை ஒரு வெள்ளைத்தாளில் வைக்கச் சொல். நாலு விரலும் சேர்ந்திருக்கட்டும், கட்டை விரல் மட்டும் விலகியிருக்கட்டும். பென்சிலைச் சாய்க்காமல் சுற்றி வரைந்து அனுப்பச் சொல். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

உன் நலம் கோரும்,
மங்கலம்


சிதம்பரம்
3.10.2007

அன்புள்ள மங்கலம் அக்காவுக்கு,

நான் நலம். முதுகு பரவாயில்லை. மாமாவின் முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா?

அண்ணனிடம் போனில் கேட்டேன். முதலில் எதற்கு என்றார். பிறகு ஒரு போட்டோவோடு சேர்த்துப் படத்தை அனுப்பினார். போட்டோவை என்னால் அனுப்ப முடியவில்லை, வீட்டில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கைப் படத்தை மட்டும் எடுத்து வைத்தேன். இத்துடன் இருக்கிறது.

போன வருஷம் அண்ணன் கட்டிக்கொண்ட மாலதி நல்ல மாதிரி. குழந்தைக்குத் தலைபின்னித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாளாம். அங்கே யாழ்மொழி என்று சொல்ல வராமல் மோலி என்று கூப்பிடுகிறார்கள். கையுறையில் விரலைப் பிரிக்க வேண்டாம் என்றார் அண்ணன். நாலு விரலும் ஒரே பைக்குள் இருந்தால்தான் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்குமாம்.

வணக்கத்துடன்,
பவானி


திருப்பாதிரிப்புலியூர்
28.10.2007

அன்புள்ள பவானிக்கு,

எல்லோரும் நலமே. எண்ணெய் தடவுகிறேன், தடவும்போதே அடுத்த வலியைச் சொல்கிறார்.

படம் கிடைத்தது. அதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது என்று எழுதப் போவதில்லை. அது எனக்கும் அந்தத் தாளுக்கும் நடுவில் இருக்கட்டும்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, பொறுக்க மாட்டாமல், உத்தேசமாக ஐந்து விரலும் வைத்து ஒன்றைப் பின்னி வைத்திருந்தேன். பிரித்துவிட்டேன். இங்கே கடையில் கிடைப்பது செயற்கை நூல், நனைந்தால் சூடு தாங்காது. பாண்டிச்சேரிக்குப் போய் ஆட்டு ரோம நூல் வாங்கி வந்தேன். ஐப்பசி மாதத்திலும் இங்கே வேர்க்கிறது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து குளிருக்குப் பின்னுகிறவளை உன் மாமா ஒரு தினுசாகப் பார்க்கிறார்.

கத்தரிப்பூ நிறம். இசைவாணிக்கு அதுதான் பிடிக்கும். மணிக்கட்டின் உள்பக்கம் வெள்ளை நூலால் 'பெரியம்மா' என்று சின்னதாகத் தைத்திருக்கிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது தெரியும். யாரையாவது கேட்பாளில்லையா?

குளிர் தொடங்குவதற்குள் அனுப்பிவிடு.

உன்னை நம்பியிருக்கும்,
மங்கலம்


சிதம்பரம்
20.1.2008

அன்புள்ள மங்கலம் அக்காவுக்கு,

பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது, கோபிக்காதீர்கள். பள்ளியில் ஆண்டு விழா, பிறகு பொங்கல். பொங்கல் நல்லபடியாகக் கொண்டாடினீர்களா?

கையுறை போய்ச் சேர்ந்தது. சரியாகப் பொருந்தியதாம். ஒரு வாரம் கழற்றவே மாட்டேன் என்றாளாம்.

ஒரே ஒரு விஷயம் அக்கா. இனிமேல் உள்ளே எழுத்து தைக்க வேண்டாம். நூல் கையில் உறுத்துகிறதாம்.

வேறு விசேஷம் இல்லை.

வணக்கத்துடன்,
பவானி


சிதம்பரம்
9.9.2008

அன்புள்ள மங்கலம் அக்காவுக்கு,

நலமா? காதுக்கு மெஷின் வைக்கப் போவதாக எழுதியிருந்தீர்களே, வைத்தீர்களா?

நீங்கள் இரண்டு கடிதத்தில் கேட்ட கை அளவு இத்துடன் இருக்கிறது. ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்திருக்கிறாள். கையுறை போட்டுக்கொண்ட போட்டோ கேட்டிருந்தீர்கள். அவர்கள் கேமரா கெட்டுப் போயிருக்கிறது.

மாலதிக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அண்ணனுக்கு ரொம்ப வேலை, அதனால் போனும் குறைவு. நீங்கள் எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வணக்கத்துடன்,
பவானி


திருப்பாதிரிப்புலியூர்
19.10.2008

அன்புள்ள பவானிக்கு,

நலம். மெஷின் வைத்தேன். வண்டுக்குப் பதிலாக இப்போது ரைஸ் மில் ஓடுகிறது. எடுத்து டப்பாவில் போட்டுவிட்டேன்.

படம் பார்த்தேன். ஒழுங்கான கை. மூன்று வாரம் ஊசியைத் தொடவில்லை, மழை. பிறகு பின்னினேன். இந்தத் தடவை பச்சை. எழுத்து தைக்கவில்லை. அனுப்பி வைத்திருக்கிறேன்.

மாலதியும் குழந்தையும் சௌக்கியமாக இருக்கட்டும்.

மங்கலம்


திருப்பாதிரிப்புலியூர்
25.10.2009

அன்புள்ள பவானிக்கு,

இங்கே நலம். உன் மாமா ரிட்டயர் ஆகிவிட்டார். நாள் முழுக்க வீட்டில் இருக்கிறார், நான் வேறு என்ன சொல்ல.

போன மாதம் நீ அனுப்பிய இந்த வருஷத்துப் படத்தை, போன வருஷத்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். இந்தக் கை அரை அங்குலம் குட்டை. அங்கே குளிரில் துணி சுருங்கும் என்று தெரியும், பிள்ளைகளும் சுருங்குவார்களா?

கேலிக்குச் சொன்னேன். பின்னி அனுப்பியிருக்கிறேன், சிவப்பு. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

மங்கலம்


சிதம்பரம்
11.4.2010

அன்புள்ள மங்கலம் அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். பலமுறை எழுத உட்கார்ந்து தாளைக் கிழித்துப் போட்டேன். நீங்களும் மாமாவும் நலம்தானே?

அளவு குறைந்ததற்குக் காரணம் பென்சிலைச் சாய்த்துப் பிடித்ததாக இருக்கும்.

ஜூலை மாதம் அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். சின்னவனுக்கு எங்கள் வீட்டில் வைத்துக் காது குத்துகிறார்கள். நீங்கள் வேறு யார் மூலமாகவாவது கேள்விப்பட்டு மனம் நோகக் கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன். நீங்கள் வர வேண்டாம் அக்கா. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

யாழ்மொழிக்கு மாலதிதான் அம்மா என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இசைவாணி அண்ணியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வயதில் தாயை இழந்தவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும், குழப்ப வேண்டாம் என்பது அண்ணனின் முடிவு. எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அதில் சந்தோஷம்தான், ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வந்து நின்றால் எல்லாம் உடைந்துவிடும்.

என்னைத் திட்டி எழுதுங்கள், எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பவானி


திருப்பாதிரிப்புலியூர்
2.5.2010

அன்புள்ள பவானிக்கு,

திட்டத்தான் போகிறேன். முதலில் உன் உடம்பைச் சொல்லியிருக்கலாம், முதுகுவலி பற்றி ஒரு வரி இல்லை.

நான் வரவில்லை. பயப்படாதே. ஆனால் இரண்டு வருஷமாக நான் எழுதாமல் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவுக்கும் எனக்கும் இசைவாணிக்கும் சுண்டுவிரல் நேராக இருக்காது. நுனி பக்கத்து விரல் மேல் சாய்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் என்னைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். இசைவாணி உங்கள் வீட்டில் ஏழு வருஷம் சமைத்துப் போட்டாள், நீங்கள் யாரும் அவள் விரலைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நீ அனுப்பிய முதல் படத்தில் அந்த விரல் இருந்தது. தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். எழுத மாட்டேன் என்று அன்றைக்கு எழுதினேனே, அது இதுதான்.

இரண்டாவது படத்தில் சுண்டுவிரல் குச்சி மாதிரி நேராக இருந்தது. மூன்றாவதிலும் அப்படித்தான், அதுவும் வேறொரு கை. உன் வகுப்புப் பிள்ளைகள் கையாக இருக்கும். அப்படியானால் நான் பின்னியது ஒன்றும் கனடா போகவில்லை. 'பெரியம்மா' என்ற எழுத்து உறுத்துகிறது என்று எழுதினாயே, அது யாரை உறுத்தியது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் பின்னினீர்கள் என்று கேட்பாய். நான் உன்னைக் கேட்டுவிட்டால் நீ வெட்கப்பட்டு எழுதுவதை நிறுத்திவிடுவாய். அவளைப் பற்றிப் பேச எனக்கு இருந்த ஒரே வழி நீதான். பொய்யாக இருந்தாலும் அவளைப் பற்றிய பொய் அல்லவா என்று இருந்துவிட்டேன். மானமில்லாதவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

மாலதி அவளுக்கு அம்மாவாகவே இருக்கட்டும். தலைபின்னி விடுகிறவள் அம்மாதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் என் தங்கை என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்று ஆக்கிவிடாதீர்கள். அது மட்டும் என்னால் தாங்க முடியவில்லை பவானி.

என் கையை வரைந்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு விரல் எப்படி இருக்கும் என்று நீயாவது ஒருமுறை பார். தாளின் பின்னால் பேரும் விலாசமும் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளை எழுதச் சொல்லிச் சொல்லி எனக்கும் அந்தப் பழக்கம்.

மங்கலம்


சிதம்பரம்
25.7.2010

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் சரியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் கையுறை நிஜமாகவே போனது. ஒரு வாரம் போட்டிருந்தாள், அதுவும் நிஜம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்க, அங்கே வீட்டில் சண்டை வந்து, அண்ணன் அதை எனக்கே திருப்பி அனுப்பினார். இனி ஒன்றும் வரக் கூடாது என்றார். உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. இசைவாணி அண்ணி என் அப்பாவோடு மல்லுக்கு நிற்காமல் இருந்திருந்தால் நான் பி.எட். படித்திருக்க மாட்டேன். பதினாறாம் நாள் அவர்கள் அப்படிப் பேசியபோது நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் கடிதமும் நின்றுவிட்டால் எனக்கு அந்தத் தூண்தான் மிச்சம் என்று பயந்தேன். அதனால்தான் என் வகுப்புப் பெண்களின் கையை வரைந்தேன். மூன்று ஜோடியும் என் அலமாரியில் விடைத்தாள்களுக்கு அடியில் இருந்தன.

காதுகுத்து முடிந்த மறுநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். யாழ்மொழிக்குக் கையால் பிசைந்து சாப்பிட வரவில்லை, நுனி வளைந்த சுண்டுவிரல் தனியாகத் தெரிந்தது. என் மாமியார் பார்த்துவிட்டு, "இது யாரு வெரலு? ஒங்க வீட்ல யாருக்கும் இப்புடி இல்லியே" என்றார். அவள் தன் கையைப் பார்த்தாள். மாலதி கையைப் பார்த்தாள், அண்ணன் கையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள், "அத்தை, எனக்கு மட்டும் ஏன் இப்புடி? அம்மாக்கு இல்ல, அப்பாக்கு இல்ல, தம்பிக்கும் இல்ல."

உங்கள் கடிதம் வந்திராவிட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது அக்கா. கையைக் கழுவிவிட்டுப் போய் நீங்கள் வரைந்த தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். "ஒன்ன பெத்த அம்மாவுக்கு இருந்துச்சி. அவுங்க செத்துட்டாங்க. இது அவுங்க அக்கா கை, ஒன் பெரியம்மா" என்றேன். கூடத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

மாலதி சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டாள். அண்ணன் என்னை அடிக்க வருகிற மாதிரி எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். யாழ்மொழி அழவில்லை. பெரியம்மா என்ற சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். கையுறைகளைக் காட்டினேன். கத்தரிப்பூ நிறத்தைக் கையில் எடுத்து, "இது என்னோடது. தொலஞ்சி போச்சின்னு அம்மா சொன்னாங்க" என்றாள். மூன்று ஜோடியில் ஒன்றும் அவளுக்கு இப்போது நுழையவில்லை. ஆனாலும் கத்தரிப்பூவையும் உங்கள் தாளையும் எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவள் தூங்கும்போது மாலதி பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

அவர்கள் போய் ஐந்து நாள் ஆகிறது. அண்ணன் கிளம்பும்போது போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் என்னோடு பேசுவதில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்களோ என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு எட்டு வயதுதான்.

உங்கள்
பவானி


திருப்பாதிரிப்புலியூர்
16.1.2011

அன்புள்ள பவானிக்கு,

நானும் உன் மாமாவும் நலம். உன் வீட்டுக்காரர் இப்போது பேசுகிறாரா? ஆறு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் நீ சரியா தப்பா என்று கேட்கிறாய், நானும் எனக்குத் தெரியாது என்றே எழுதிவந்தேன். அந்தப் பிள்ளை அங்கே போய் யாரிடம் என்ன கேட்டதோ, என்ன பதில் வாங்கியதோ என்று நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை. ஊசியை எடுத்தால் எந்த அளவுக்குப் பின்னுவது என்று வைத்துவிடுவேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கனடாவிலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே என் தாள். ஜூலையில் அவள் எடுத்துப் போன அதே தாள்தான், மடிப்பெல்லாம் நைந்து போயிருக்கிறது. என் கைக்குள் தன் கையை வைத்துச் சிவப்புப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறாள். என் விரல் சாய்கிற பக்கமே அவள் விரலும் சாய்கிறது. ஒரு எழுத்து இல்லை, ஒரு பேர் இல்லை. உன் மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், முழங்கால் வலியைப் பற்றி அன்று முழுவதும் பேசவில்லை.

ஊசியில் முப்பத்தாறு கண்ணி போட்டுப் பின்ன ஆரம்பித்திருக்கிறேன். கத்தரிப்பூ நிறம்தான்.

ஒன்று மட்டும் நீ சொல்ல வேண்டும். உறையின் மேல் என் விலாசம் பெரியவர்கள் எழுத்தில் இருக்கிறது. யாரோ உட்கார்ந்து எழுதி, தபால்தலை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். உன் அண்ணன் எழுத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். அவருடையதுதானா என்று பார்த்துச் சொல்.

உன்
மங்கலம்


சிதம்பரம்
20.1.2011

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதைத் தபால் அட்டையில் எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இனி என் வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள்.

உறையைப் பார்த்தேன். அண்ணனும் மாலதியும் வருஷா வருஷம் எழுதி அனுப்புகிற பொங்கல் வாழ்த்துகளை எடுத்து, பக்கத்தில் வைத்தும் பார்த்துவிட்டேன். அது அண்ணன் எழுத்து இல்லை. மாலதி எழுத்து.

பவானி